விலகி நிற்க முடியாதவர்களின் ஊரடங்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொரோனா காலத்தில் மதுரையில் மாற்றுத்திறனாளிகள் பட்ட பாட்டையும், இன்னொரு தொற்று வந்தால் சமாளிக்க இப்போதே என்ன செய்து வைக்கலாம் என்ற சந்தேகங்களையும் எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறோம். மறுவாழ்வுப் பணியில் இருக்கும் பிசியோதெரபி, நடைப்பயிற்சி, சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டும்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சிம்மக்கல்லில் ஊதுபத்தி, பேனா விற்கிறேன். ஊரடங்கு தளர்ந்து வெளியே வந்தபோது, "தரையில் வட்டம் போட்டிருக்கு, அதுல நில்லுங்க" என்றார்கள். வட்டம் எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? கையைப் பிடித்துக் கூட்டிப்போகவும் ஆள் வரவில்லை. மறுபடி அப்படி ஒரு காலம் வந்தால் எப்படி நடமாடுவது?
- செல்லூர் வாசகர்

பெயிண்டில் போட்ட வட்டம் கண் உள்ளவருக்கு மட்டும் போட்ட வட்டம். அதில் நிற்கவில்லை என்று உங்களை யார் அதட்டியிருந்தாலும் தவறு அவர்கள் மேல்தான். கடைக்காரரிடமோ ரேஷன் கடையிலோ முன்கூட்டியே கேளுங்கள்: வரிசையின் ஒரு பக்கம் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டால் போதும். கயிற்றைப் பலர் தொடுவார்களே என்ற பயம் வேண்டாம். கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றில்தான் பரவியது. கயிற்றைத் தொட்ட கையை முகத்துக்குக் கொண்டுபோகாமல், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவினால் தீர்ந்தது.

கயிறு இல்லாத இடத்தில் உங்கள் வெள்ளைக்கோலே அளவுகோல். நெஞ்சு உயரத்துக்கு வரும் கோலைச் சாய்த்து முன்னால் நீட்டிப் பிடித்தால் நுனி ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்கும். முன்னால் நிற்பவர் செருப்பில் நுனி பட்டதும் ஓர் எட்டு பின்வாங்குங்கள். வரிசை நகர்கிறதா என்று தெரிய அரை நிமிடத்துக்கு ஒருமுறை கோலை மெல்ல நீட்டிப் பார்த்தால் போதும். பின்னால் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "எனக்குக் கண் தெரியாது, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அந்தப் பக்க இடைவெளி அவர் பொறுப்பு.

வழிகாட்டிக்கு வருவோம். முழங்கையில் இருமுங்கள் என்று அரசு ஊரெல்லாம் சொன்னது. பார்வையற்றவர் பிடித்து நடப்பதும் அதே முழங்கையைத்தான். அதனால் தோளைப் பிடித்து நடக்கும்படி பலர் அப்போது யோசனை சொன்னார்கள். சமதளமான தரையில் அது சரிவரும். நம் ஊர் சாக்கடை மூடியும் உயரம் மாறும் நடைபாதையும் இருக்கிற தெருவில், வழிகாட்டி படி இறங்குவதும் திரும்புவதும் முழங்கையில்தான் துல்லியமாகத் தெரியும். அதனால் எங்கள் யோசனை: முழங்கையையே பிடியுங்கள், வழிகாட்டி முழுக்கைச் சட்டை போடட்டும், இருமல் வந்தால் மற்ற முழங்கையில் இருமட்டும், இருவரும் முகக்கவசம் அணியுங்கள். வழிகாட்டி அரை எட்டு முன்னால், இருவர் முகமும் ஒரே திசையில் என்பதால், எதிரெதிரே நின்று பேசுவதைவிட இதில் ஆபத்து குறைவு. தினமும் ஆள் மாற்றாமல் ஒரே ஆளை வைத்துக்கொள்வது இதைவிடப் பெரிய பாதுகாப்பு.

ஊரடங்கில் பலரும் வழி தவறியதற்கு வேறொரு காரணமும் உண்டு. போக்குவரத்துச் சத்தம் நின்றுபோனால் சாலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காதுக்குத் தெரியாது. டீக்கடை, பூக்கடை, புரோட்டாக் கல் எல்லாம் மூடினால் வாசனை அடையாளமும் போய்விடும். முகக்கவசம் கன்னத்தில் படும் காற்றை மறைப்பதால் சந்து வருவதும் தெரியாமல் போகும். ஆகவே மின்கம்பம், சரிவு, பாலத்தின் தொடக்கம், சுவரின் முடிவு போன்ற மாறாத அடையாளங்களை வைத்து உங்கள் வழியை இப்போதே ஒருமுறை மறுபடி பழகி வையுங்கள். சுவரைத் தொட்டு நடக்கும்போது விரல் நுனியை விட்டு, புறங்கை முட்டியால் தொடுங்கள். கோல் வலக்கையில் என்றால் முகம் துடைக்க, மாஸ்க் சரிசெய்ய எப்போதும் இடக்கை. கோலை மடிக்கும்போது தரையில் பட்ட கீழ்த்துண்டைக் கை தொட்டாக வேண்டும். மடித்த பிறகே சானிடைசர் போடுங்கள், முன்னால் போட்டுப் பயனில்லை. கோலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும். பிளீச்சிங் கரைசல் உள்ளே இருக்கும் ரப்பர் கயிற்றைக் கெடுத்துவிடும்.

வியாபாரத்துக்கு ஒரு வார்த்தை. தொற்றுக்குப் பயந்து பலர் ரூபாய் நோட்டைக் கழுவினார்கள், சானிடைசர் தெளித்தார்கள். அதனால் 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் ஓரத்தில் மேடாக இருக்கும் கோடுகள் மழுங்கிவிடும். நீளத்தை நம்புங்கள்: 10 ரூபாய் 123 மி.மீ., 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. ஓர் அட்டையில் இந்த நீளங்களுக்கு வெட்டுக்குறி போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி கேமரா மூலம் நோட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும். அதற்கு இணையம் தேவையில்லை. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் க்யூஆர் பெட்டி உங்களைப் போன்ற வியாபாரிக்கு மிக உதவும்.

என் மகனுக்கு முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எல்லாம் நான்தான் பார்க்கிறேன். 2021-இல் எனக்குக் காய்ச்சல் வந்து தனியாக இருக்கச் சொன்னார்கள். நான் தள்ளி இருந்தால் அவனை யார் புரட்டிப் படுக்க வைப்பது? சிறுநீர் எடுக்கும் டியூப் (கதீட்டர்) யார் போடுவது? கதீட்டரும் கடையில் கிடைக்கவில்லை.
- திருப்பரங்குன்றம் வாசகி

அம்மா, உங்கள் வீட்டில் ஆபத்து முதலில் தொற்றில் வரவில்லை. ஒரே ஒரு ஜோடிக் கையை நம்பி ஓர் உயிர் இருந்ததே, அதுதான் ஆபத்து. அதை இந்த மாதமே சரிசெய்யத் தொடங்குங்கள். அக்கா மகனோ பக்கத்து வீட்டுத் தம்பியோ, தெம்புள்ள ஒருவரை மாதம் இரண்டு நாள் வரவழைத்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க அவரே எல்லா வேலையையும் செய்து பழகட்டும். மகன் வாயால் சொல்லி வழிநடத்தப் பழகட்டும். தூக்குவது, புரட்டுவது, டியூப் போடுவது மூன்றையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

டியூப் கணக்கு: அவ்வப்போது போட்டு எடுக்கும் கதீட்டர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவையில் வரும் சிறுநீர் 500 மி.லி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவருக்கு நாளைக்கு 5 என்றால் மாதம் 150 வேண்டும். எந்நேரமும் ஒரு மாதத்துக்கானது கையிருப்பில் இருக்கட்டும். புதியதை அடியில் வைத்து, பழையதை மேலிருந்து எடுங்கள். ஊரடங்கில் புறநகர்க் கடைகளில் முதலில் தீர்ந்தவை இவையும் பெரியவர்களுக்கான டயாபரும்தான். அரசு ராஜாஜி மருத்துவமனையை ஒட்டிய பனகல் சாலைக் கடைகளில் உங்கள் அளவு எந்தக் கடையில் வழக்கமாக இருக்கிறது என்று இப்போதே விசாரித்து, அளவையும் கடை நம்பரையும் குறித்து வையுங்கள். பெரிய ஆண்களுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 நம்பர். மகனுக்கு எது என்று அவருடைய பழைய உறையில் பாருங்கள்.

வேறு வழியின்றி ஒரே டியூபை மறுபடி போட வேண்டிவந்தால், எடுத்தவுடன் குழாய்த் தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, சோப்புத் தண்ணீரை உள்ளே ஓடவிட்டு, மறுபடி அலசி, உதறி, நிழலில் முழுக்கக் காயவைத்து, சுத்தமான மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். டெட்டாலில் ஊறப்போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது சிறுநீர்ப் பாதையை எரிச்சலாக்கும், டியூபையும் விறைப்பாக்கும். விறைத்தாலும் நிறம் மங்கினாலும் வெடிப்பு விட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உங்களுக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். மாற்று ஆள் வந்துசேரும்வரை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும். அப்போது நீங்கள் என்95 போடுங்கள், மகனுக்குச் சாதாரண மூன்றடுக்கு மாஸ்க், ஜன்னல் இரண்டும் திறந்திருக்கட்டும். குளிப்பாட்டல், டியூப், கை கால் பயிற்சி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு வெளியே வாருங்கள். தனித்தனியாகப் பத்துமுறை போய் வருவதைவிட டியூப் போடும் நேரத்தில் மட்டும் போவது மேல். முகத்துக்கு நேரே குனியாமல் தலைமாட்டுப் பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வேலை செய்யுங்கள். புரட்டிப் போடுவதை மட்டும் குறைக்காதீர்கள். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாற்காலியில் அரை மணிக்கு ஒருமுறை முன்னால் சாய்ந்து 2 நிமிடம். ஊரடங்கில் பிசியோதெரபியும் நின்று, வெளியே போவதும் நின்று, நாள்முழுக்கப் படுத்தே கிடந்ததால் படுக்கைப்புண் வந்து அல்லல்பட்டவர்கள் ஏராளம். தினம் ஒருமுறை பின்புறத்தையும் குதிகாலையும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தி எடுத்தும் மறையாத சிவப்பு இருந்தால், அது மறையும்வரை அந்தப் பக்கம் பாரமே கூடாது.

மகனுக்கே காய்ச்சல் வந்தால் கொரோனா என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முதலில் சிறுநீரைப் பாருங்கள். கலங்கல், நாற்றம், கால் வெட்டி இழுப்பது வழக்கத்தைவிட அதிகம் என்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அடுத்து புண். மூன்றாவதாக நெஞ்சு. மார்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்ப்பதில்லை; மே மாத மதுரை வெயிலில் அறைச்சூடே உடம்பில் காய்ச்சல்போல ஏறும். அவர்களுக்குப் போர்வையை எடுத்து, ஈரத்துணி போட்டு, மின்விசிறியில் அரை மணி நேரம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஆக்சிமீட்டரை 5 நிமிட ஓய்வுக்குப் பிறகு மாட்டி, எண் நிலைக்கும்வரை விடுங்கள். நகப்பூச்சும் மருதாணியும் உள்ள விரல், சில்லிட்ட விரல் வேண்டாம். 94-க்குக் கீழே இறங்கினாலோ, நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

2021-இல் எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். உணர்ச்சி இல்லாதவருக்கு அதே முறையில் செய்தால் இரண்டே மணி நேரத்தில் முழங்காலிலும் இடுப்பெலும்பிலும் புண் வரும். முதுகெலும்பு முறிவு ஆறி நிலையாக இருப்பவர் மட்டும், மருத்துவரிடம் கேட்டு, இப்படிச் செய்யலாம்: கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடைவரை இரண்டு, கணுக்காலுக்கு மேலே முன்னங்காலின் கீழ் இரண்டு. கால்விரல் நுனி மெத்தையில் படாமல் தொங்க வேண்டும். சிறுநீர்ப்பை இருந்தால் குழாய் உடம்புக்கு அடியில் மடங்காமல் பக்கவாட்டில் கீழே வரட்டும். அரை மணிக்கு ஒருமுறை தோலைப் பார்க்க ஆள் வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாமல் கூடாது. ஆள் இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், அதுவும் பயன் தரும். காலில் ரத்தக் கட்டி என்று சமீபத்தில் சொல்லப்பட்டவர் இதைச் செய்யவே வேண்டாம்.

ரேஷன் கடைக்கு நேரில் போக முடியாது, வங்கிக்கும் போக முடியாது. உதவித்தொகை வந்தும் கையில் எடுக்க முடியவில்லை.
- மேலூர் வாசகர்

ரேஷனுக்கு, உங்கள் சார்பில் வேறொருவர் பொருள் வாங்கும் அங்கீகாரப் படிவம் இருக்கிறது. கடையில் கேட்டு வாங்கிப் பூர்த்தி செய்து இப்போதே கொடுத்து வைத்துவிடுங்கள். ஊரடங்கு வந்த பிறகு அலைந்தால் நடக்காது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் வீட்டு வாசலுக்கே பொருள் வருகிறது. உங்கள் கார்டு அதில் சேர்ந்திருக்கிறதா என்று கடையில் பாருங்கள். பணத்துக்குத் தபால்காரர்: ஆதார் இணைந்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் கைரேகை வைத்து அவர் கையாலேயே பணம் தர முடியும். 2020 ஊரடங்கில் கிராமங்களில் பலருக்கு இதுதான் கைகொடுத்தது. 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே அடிப்படைச் சேவை தரச் சொல்லி 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

எனக்கு இரண்டு காதும் கேட்காது. உதடு அசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன், தையல் வேலை. மாஸ்க் வந்த பிறகு வாடிக்கையாளர் என்ன சொல்கிறார் என்றே தெரியவில்லை. காது மெஷினும் மாஸ்க் கழற்றும்போது இரண்டுமுறை கீழே விழுந்துவிட்டது.
- ஜெய்ஹிந்த்புரம் வாசகி

உதடு மறைவது பாதிக் கஷ்டம்தான். கொஞ்சம் கேட்பவர்களுக்குக்கூட மாஸ்க் ஒலியைக் குறைக்கிறது: மருத்துவமனைச் சாதா மாஸ்க் 3 - 4 டெசிபல், என்95 சுமார் 12 டெசிபல். அதுவும் ச, ஸ, ஃப போன்ற மெல்லொலிகள் இருக்கும் உயர் அலைவரிசையில். அதனால்தான் "சத்தமாப் பேசுறேனே, இன்னுமா கேட்கல?" என்று கத்தினாலும் புரிவதில்லை. கத்துவதால் உயிரெழுத்துதான் பெருகும்.

நடுவில் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த மாஸ்க்கை நீங்கள் போட்டு உங்களுக்குப் பயனில்லை. உங்களோடு பேசுபவர் போட வேண்டும். தையற்காரர் என்பதால் நீங்களே தைத்துக் கடையில் ஐந்தாறு வைக்கலாம். ஜன்னல் 10 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம், சுற்றிலும் பருத்தித் துணி இரண்டு அடுக்கு, மூக்குப் பக்கம் மடக்கி ஓர் அலுமினியக் கம்பி. இதில் கெட்டுப்போவது ஒரே இடம்தான்: இரண்டு நிமிடத்தில் ஜன்னலில் ஆவி படியும். உள்பக்கம் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, கழுவாமல் துணியால் துடைத்துக் காயவிட்டால் அரை மணி தாங்கும். மூக்குக் கம்பி இறுகினால் ஆவி இன்னும் குறையும்.

மெஷினுக்கு: காதில் மாட்டும் நாடா வேண்டவே வேண்டாம். தலைக்குப் பின்னால் கட்டும் மாஸ்க் தைத்துக்கொள்ளுங்கள். நாடா மாஸ்க்தான் கிடைத்தது என்றால், 12 செ.மீ. எலாஸ்டிக் பட்டையின் இரு முனையிலும் ஒரு பொத்தான் தைத்து, பின்னந்தலையில் வைத்து நாடாவை அந்தப் பொத்தானில் மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு, நாடாவை முன்பக்கமாக எடுங்கள். மாஸ்க்கைத் தெருவில் கழற்றாதீர்கள். வீட்டில் மெத்தைமேல் குனிந்து கழற்றினால் விழுந்தாலும் உடையாது.

கடைக் கவுண்டரில் ஒரு பலகை: "எனக்குக் காது கேட்காது. எழுதிக் காட்டுங்கள், அல்லது இந்தப் போனைப் பார்த்துப் பேசுங்கள், எழுத்தாக வரும்." பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் தமிழையும் புரிந்துகொள்கின்றன. மதுரைப் பேச்சில் வேகமாகப் பேசினால் தடுமாறும், மெதுவாகப் பேசினால் தேறும். அளவுகளை மட்டும் செயலியை நம்பி எழுதாதீர்கள். இடுப்பு 32-ஐ 42 என்று காட்டிவிடும். வாடிக்கையாளரையே எண்ணைக் கையால் எழுதச் சொல்லுங்கள்.

என் பையனுக்கு ஆட்டிசம், 14 வயது. மாஸ்க் போட்டால் பிய்த்து எறிகிறான். அந்தச் சமயத்தில் வெளியே போகாததால் தன்னையே அடித்துக்கொண்டான். சித்திரைத் திருவிழா என்றால் அவனுக்கு உயிர். அதுவும் இல்லாமல் போனதை அவனுக்குப் புரியவைக்கவே முடியவில்லை.
- ஆனையூர் வாசகர்

அவன் அடம்பிடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். காதில் உரசும் நாடா, மூக்கில் ஈரம், தன் மூச்சின் வாசனை மூன்றும் அவனுக்கு வலிக்கு நிகர். 2020 ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தந்த வழிகாட்டுதலிலேயே வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மாஸ்க்கைக் கட்டாயமாக்க வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று இருக்கிறது. மருத்துவரிடம் ஒரு சான்றுக் கடிதம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்குவதென்றால் தொற்று இல்லாத இந்தக் காலத்தில் பழக்குங்கள். முதல் வாரம் மாஸ்க்கைக் கையில் பிடித்தால் போதும், அவனுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். அடுத்து கன்னத்தில் தொடுவது. அடுத்து வாயில் வைத்து அஞ்சு எண்ணுவது. பிறகு நாடா மாட்டி அஞ்சு எண்ணுவது. ஒரு படியில் தொடர்ந்து மூன்று நாள் அமைதியாக இருந்தால்தான் அடுத்த படி. அவன் பழைய பனியன் துணியில் தைத்தால் வாசனை பழகியதாக இருக்கும். நேரம் முடிந்ததும் எடுப்பது நீங்களாக இருங்கள். அவன் பிய்த்து எறிந்த பிறகு விட்டீர்கள் என்றால், பிய்த்தால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்வான்.

திருவிழா விஷயத்தில், வாய்ச்சொல்லால் "இந்த வருஷம் இல்லை" என்பது அவனுக்கு எட்டாது. 2020-இலும் 2021-இலும் அழகர் வைகையில் இறங்கவில்லை. கூட்டம் கூடும் என்பதால் ரத்து. இப்படி ஒன்றை, தேதி கிழிக்கும் காலண்டரில் காட்டுங்கள். அந்தத் தேதியில் அழகர் படத்தை ஒட்டி, அதன்மேல் பெருக்கல் குறி. பக்கத்தில் அதற்குப் பதில் என்ன என்பதன் படம். 2020 மே 4-இல் மீனாட்சி திருக்கல்யாணம் நேரலையில் வந்தது, அதுபோல டிவியில் பார்ப்பதன் படம், அப்புறம் வீட்டில் ஜிகர்தண்டா குடிப்பதன் படம். பதிலுக்கு ஒன்று இல்லாமல் வெறும் 'இல்லை' மட்டும் காட்டினால்தான் வெடிக்கிறது. தினமும் விடிவதற்குள், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது 20 நிமிடம் நடை. முழு ஊரடங்கிலும் இதற்கு அனுமதி கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். அது அவனுக்கு மருந்து.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவை அடைத்தபோது தகரத் தட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் மட்டும் நுழையும் சந்துதான் விட்டார்கள். மருந்து வாங்கக்கூட வண்டி வெளியே வரவில்லை.
- வில்லாபுரம் வாசகர்

2020 ஜூன் 24 முதல் மாநகராட்சி, பரவை, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களில் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது இந்தப் புகார் நிறையப் பேரிடம் இருந்தது. சவுக்குக் கம்பு கட்டுகிறவருக்கு வண்டியின் அகலம் தெரியாது. உங்கள் வண்டியை இணைப்புச் சக்கரத்தோடு டேப்பில் அளந்து, இருபுறமும் 15 செ.மீ. கூட்டி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டை நகலோடு வையுங்கள். அடைக்க வரும் நாளிலேயே காட்டுங்கள். கட்டி முடித்த பிறகு அவிழ்க்க யாருக்கும் மனம் வராது. சக்கர நாற்காலிக்கு 90 செ.மீ. போதும். மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை 2020 மார்ச் 26-ஆம் தேதியே வழிகாட்டுதல் வெளியிட்டது: பராமரிப்பவரைத் தடுக்கக் கூடாது, அத்தியாவசியப் பொருள் வீட்டுக்கு வர வேண்டும், மாநில ஆணையர் பொறுப்பு. அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வையுங்கள். வாய்ச்சண்டையைவிடத் தாள் வேலை செய்யும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

வண்டி நின்றே கிடந்தால் பேட்டரி இறங்கிவிடும். வாரம் ஒருமுறை 10 நிமிடம் ஓடவிடுங்கள். மின்சக்கர நாற்காலியின் லெட் ஆசிட் பேட்டரியை உபயோகிக்காவிட்டாலும் வாரம் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் போடுங்கள்; காலியாகவே கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து திரும்ப ஏறாது. பங்க்சர் கடை மூடியிருக்கும். ஒட்டுப்பசை, டியூப், கைப்பம்ப் வீட்டில் இருக்கட்டும்.

தொழுநோய் குணமானவன், இரு கையிலும் உணர்ச்சி இல்லை. சானிடைசர் போட்டுப் போட்டுக் கை வெடித்துவிட்டது.
- உசிலம்பட்டி வாசகர்

சானிடைசரை நிறுத்துங்கள், சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போதும். வெந்நீர் வேண்டாம், சுடுவது தெரியாமல் கொப்புளம் வரும். தினமும் இரவில் 15 முதல் 20 நிமிடம் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெளியே சானிடைசர்தான் வழி என்றால், போட்ட கையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள். நெருப்புப் பிடித்தால் உங்களுக்கு முதலில் தெரியாது. கைரேகை விழவில்லை என்று ரேஷனில் திருப்பி அனுப்பினால் கண் கருவிழிப் பதிவைக் கேளுங்கள்.

தொற்று வார்டுக்குள் துணைக்கு ஒரு ஆளை விடமாட்டார்களே, கேட்காத பேசாத என் தம்பி உள்ளே என்ன செய்வான்?
- வண்டியூர் வாசகி

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மருத்துவமனையில் கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரச் சொல்கிறது. 8-ஆம் பிரிவு பேரிடரில் சமமான பாதுகாப்பு தரச் சொல்கிறது. இரண்டிலும் உடன் ஆள் என்ற சொல் வெளிப்படையாக இல்லை. அதனால் சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, ஆள் உள்ளே இருந்தால் நர்ஸுக்கு எந்த வேலை குறையும் என்று வார்டு டூட்டி டாக்டரிடம் சொல்வது பலிக்கும்: "இவனைப் புரட்டணும், டியூப் போடணும், சைகை புரியணும், நான் மாஸ்க் போட்டு உள்ளேயே இருக்கிறேன், வெளியே வரமாட்டேன்." தடுப்பூசி போட்ட, வயது குறைந்த ஒரே ஆளாக இருக்கட்டும், ஆள் மாறக் கூடாது.

அதற்கும் இடமில்லாமல் போகலாம் என்று வைத்து ஒரு தாள் தயார் செய்யுங்கள். ஒரே பக்கம், பெரிய எழுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும். பெயர், குறைபாடு, எப்படிப் பேசுவான் (தலையசைப்பு என்றால் ஆம், கண் மூடினால் இல்லை என்பதுவரை), என்ன சாப்பிடுவான், எதை விழுங்கினால் புரையேறும், ஒவ்வாமை, மாத்திரையின் பெயரும் மி.கி.யும் நேரமும், வலித்தால் என்ன செய்வான், உங்கள் நம்பர், தம்பியோடு பேசிப் பழகிய சைகை மொழிபெயர்ப்பாளர் நம்பர். அடியில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல். இதை மூன்று பிரதி எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒன்றைக் கோப்பில், ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் ஒட்ட, ஒன்றைத் தம்பியின் பையில். ஸ்மார்ட்போன், நீளமான சார்ஜர் வயர், பவர் பேங்க் கண்டிப்பாக. வீடியோ அழைப்பில் சைகை பேசத் தெரிந்தால் பாதி பயம் போகும். படங்கள் உள்ள அட்டை ஒன்றும்: வலி, தண்ணீர், கழிப்பறை, மூச்சு, குளிர், அம்மா. நர்ஸ் கவச உடைக்குள் இருந்து பேசும்போது முகமே தெரியாது. விரலால் படத்தைக் காட்டினால் புரிந்துவிடும்.

போலியோவில் என் வலக்கை சூம்பியிருக்கிறது. தடுப்பூசி எந்தக் கையில் போடுவது?
- திருநகர் வாசகர்

சதை உள்ள கையில். இரண்டு தோளிலும் சதை இல்லாதவர்களுக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில் போடலாம். நர்ஸிடம் முதலிலேயே சொல்லுங்கள், சட்டையைக் கழற்றிய பிறகு சொன்னால் தடுமாறுவார்கள். சூம்பிய கையில் போட்டால் ஊசி எலும்பைத் தொடும், மருந்தும் தசையில் தங்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஊன்றுகோல் பிடிக்கும் கையில் போட்டுக்கொண்டால் மறுநாள் வலியில் நடக்க முடியாது. நீங்கள் ஊன்றுவது இடக்கையால் என்றால், தொடையில் போட முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த இரண்டு நாளுக்கு வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துத் தேதி குறியுங்கள்.